48 வயதில் கைக்கு வந்த கேமரா: ஜூலியா மார்கரெட் கேமரூன் யார்?

1863 டிசம்பர். இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டியிருக்கும் வைட் தீவு. அங்கே ஃபிரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் ஒரு பெரிய வீடு. சில வருடங்களுக்கு முன்புவரை பிள்ளைகளின் சத்தம் ஓயாத குடும்பம் அது. இப்போது கணவர் காபித் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருக்கிறார். மகன்களில் பெரியவர்கள் வளர்ந்துவிட்டார்கள், சிறியவர்கள் விடுதிப் பள்ளியில். ஒரே மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். வீட்டில் மிச்சம் இருப்பது 48 வயது அம்மா.

தனிமையில் அவருக்குக் கொஞ்சம் பொழுது போகட்டுமே என்று மகளும் மருமகனும் ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தால் செய்த கனமான கேமரா. அதுவரை அவர் முறையாக ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

அடுத்த 12 ஆண்டுகளில் அந்த அம்மா எடுத்த படங்கள் 900-க்கும் மேல். இன்று புகைப்படக்கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் ஜூலியா மார்கரெட் கேமரூனைத் தாண்டிப் போக முடியாது. (கேமரூன் என்பது கணவர் வழி வந்த பெயர். கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!) அவருடைய வாழ்க்கை தொடங்கியது கல்கத்தாவில். முடிந்தது இலங்கையின் மலையகத்தில்.

கல்கத்தாவில் பிறந்தவர்

ஜூலியா பிறந்தது 1815 ஜூன் 11. அப்பா ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரிய அதிகாரி. அம்மா பிரெஞ்சு வம்சாவளி. வளர்ந்து பெரியவர்களான சகோதரிகள் ஏழு பேர். மற்றவர்களெல்லாம் அழகுக்குப் பேர்போனவர்கள், ஜூலியா மட்டும் திறமைக்குப் பேர்போனவர் என்பது அந்தக் காலத்து ஊர்ப்பேச்சு. சிறுவயதில் பிரான்சில் பாட்டி வீட்டில் வளர்ந்தார்.

உடம்பு சரியில்லாமல் ஓய்வுக்காக 1836-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அங்கே சந்தித்த இரண்டு பேர் அவருடைய வாழ்க்கையையே மாற்றினார்கள்.

ஒருவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். தென்பகுதி வானத்தை ஆராய அங்கே வந்திருந்தார். 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்ற சொற்களைப் புகைப்படக்கலைக்குத் தந்தவர் இவர்தான். சில வருடங்கள் கழித்து புகைப்படம் என்ற புது அதிசயத்தைப் பற்றி ஜூலியாவுக்குக் கடிதத்தில் சொன்னவரும், மாதிரிப் படங்களை அனுப்பிவைத்தவரும் இவரே.

இன்னொருவர் சார்லஸ் ஹே கேமரூன். ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர், சட்ட அறிஞர். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு 1833-ன் கோல்புரூக்–கேமரூன் சீர்திருத்தம் நினைவிருக்கும். அந்தக் கேமரூன் இவர்தான். இந்தியாவில் 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை உருவாக்கிய மெக்காலேயின் சட்ட ஆணையத்திலும் இருந்தார். 1838-ல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1848-ல் அவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது.

வீடு நிறைய பிள்ளைகள்

ஜூலியா பெற்றது ஆறு பிள்ளைகள். அதோடு நிற்கவில்லை. பெற்றோரை இழந்த உறவினர் பிள்ளைகள் ஐந்து பேரையும் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். லண்டன் பக்கத்தில் அம்மாவோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த மேரி ரயான் என்ற ஐரிஷ் சிறுமியையும் கூட்டிவந்து சேர்த்துக்கொண்டார்.

1860-ல் கவிஞர் டென்னிசனைப் பார்க்க வைட் தீவுக்குப் போனவருக்கு அந்தக் கடலும் குன்றுகளும் பிடித்துப்போயின. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வீடுகளை வாங்கி, நடுவில் ஒரு கோபுரம் எழுப்பி ஒன்றாக்கினார். இலங்கையில் இருந்த தங்கள் தோட்டத்தின் நினைவாக வீட்டுக்கு 'டிம்போலா' என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு டஜன் ஆண்டுகள் பிள்ளைகளைச் சுற்றியே ஓடிய வாழ்க்கை அது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது வீட்டில் விழுந்த வெறுமையை இன்றைக்கும் பல அம்மாக்கள் அறிவார்கள். அந்த நேரத்தில்தான் கேமரா வந்தது.

கோழிக்கொட்டகை ஸ்டூடியோ ஆனது

ஜூலியா செய்த முதல் வேலை, வீட்டில் இருந்த கொட்டகைகளைக் காலி செய்தது. கரி போட்டுவைக்கும் அறை இருட்டறை ஆனது. கண்ணாடி போட்டிருந்த கோழிக்கொட்டகை ஸ்டூடியோ ஆனது. கோழிகள் வெளியே விரட்டப்பட்டன.

கோழிக்கொட்டகை ஏன்? காரணம், சூரிய வெளிச்சம். அன்றைக்கு மின்விளக்கும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. வானம் தரும் வெளிச்சம்தான் எல்லாமே. மேகம் மூடினால் வேலை நிற்கும், வெயில் வந்தால் ஓடவேண்டும். கண்ணாடி வழியே உள்ளே வரும் வெளிச்சத்தைத் திரைச்சீலை போட்டு மறைத்தும் திறந்தும், முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழச் செய்யக் கற்றுக்கொண்டார். அவருடைய படங்களில் இருட்டுக்குள்ளிருந்து முகம் மெல்ல எழுந்துவருவது போலத் தெரிவது இதனால்தான்.

ஒரு போட்டோவுக்கு என்ன பாடு?

அன்று புழக்கத்தில் இருந்தது 'வெட் கொலோடியன்' என்ற ஈரத்தட்டு முறை. லேசுப்பட்ட வேலை இல்லை அது.

• முதலில் பெரிய கண்ணாடித் தட்டைச் சுத்தமாகத் துடைக்கவேண்டும். துளி தூசிகூடக் கூடாது.

• அதன்மேல் பிசுபிசுப்பான கொலோடியன் திரவத்தைச் சீராகப் படியும்படி ஊற்றவேண்டும்.

• இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் தட்டை முக்கி எடுக்கவேண்டும்.

• ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் எடுத்து, மறுபடி இருட்டறைக்கு ஓடிக் கழுவவேண்டும். தட்டு காய்ந்தால் படம் போச்சு.

கழுவுவதற்கு வேண்டிய தண்ணீர் கிணற்றிலிருந்து வந்தது. சில்வர் நைட்ரேட் பட்ட கைகளும் துணிகளும் கறுத்துப்போகும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பாடும் திண்டாட்டம்தான். ஜூலியாவின் படங்களுக்கு மூன்று நிமிடம், சில நேரம் ஏழு நிமிடம்கூட ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றினால் படம் ஆரம்பம், மாட்டினால் முடிந்தது.

தட்டுத் தட்டாக வீணானது. 1864 ஜனவரி கடைசியில், ஆனி என்ற சிறுமியை எடுத்த படம் ஒழுங்காக வந்தது. சந்தோஷம் தாங்காமல் ஜூலியா வீடு முழுக்க ஓடி அந்தச் சிறுமிக்குக் கொடுக்கப் பரிசுகள் தேடினாராம். அந்தப் படத்தைத் தன் முதல் வெற்றி என்று கைப்பட எழுதிவைத்தார். பரிசு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஃபோகஸே சரியில்லையே!

கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பத் தொடங்கியதும் விமர்சனமும் தொடங்கியது. படம் மங்கலாக இருக்கிறது, தட்டில் கீறல் இருக்கிறது, விரல் அடையாளம் தெரிகிறது என்று புகைப்பட இதழ்கள் குத்திக்காட்டின. இந்த அம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை என்பதுதான் அதன் சுருக்கம்.

ஆனால் ஜூலியாவுக்கு அது தெரியாமல் நடந்த தவறு மட்டும் இல்லை. லென்ஸைத் திருகிக்கொண்டே வருவார். முகம் அழகாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுவார். இன்னும் கொஞ்சம் திருகினால் கூர்மையாக வருமே என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். ஓவியர் ஜி.எஃப். வாட்ஸ் போன்றவர்களுக்கு அந்த மங்கல்தான் பிடித்தது. இன்றைக்கு செல்போனில் 'போர்ட்ரெய்ட் மோட்' போட்டுப் பின்னணியை மங்கலாக்குகிறோம். அவர் பின்னணியை மட்டுமல்ல, முகத்தையே கொஞ்சம் மென்மையாக்கினார்.

அவர் அதிகம் எடுத்தது தாயும் குழந்தையும். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டால் கன்னி மரியாள் ஆகிவிடுவார். பக்கத்து வீட்டுக் குழந்தையோ சொந்தப் பேரனோ மடியில் இருப்பார்கள். பிறந்த குழந்தை பிழைக்குமா என்பது எந்த வீட்டிலும் நிச்சயமில்லாத காலம் அது. தூங்கும் குழந்தையைக் குனிந்து பார்க்கும் தாயின் முகத்தில் அந்தப் பயமும் சேர்ந்தே பதிந்திருக்கிறது.

பொழுதுபோக்கு தொழிலானது

பொழுதுபோக்குக்காக வந்த கேமராவை ஜூலியா அப்படி வைத்திருக்கவில்லை. 1864-லேயே லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். சுமார் 500 படங்களுக்குக் காப்புரிமை பதிவு செய்தார். லண்டனின் கொல்நாகி கலைக்கூடம் வழியாகப் பிரதிகள் விற்றார். இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று அழைக்கப்படும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-ல் அவர் படங்களை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868-ல் ஸ்டூடியோவாகப் பயன்படுத்த இரண்டு அறைகளும் கொடுத்தது.

டென்னிசன், டார்வின், தாமஸ் கார்லைல் எல்லாரும் அவர் கேமரா முன் உட்கார்ந்தார்கள். 1868-ல் ஃபிரெஷ்வாட்டரில் தங்கிய டார்வினுக்குத் தன்னை எடுத்த படங்களிலேயே ஜூலியா எடுத்ததுதான் பிடித்தது. பழைய நண்பர் ஹெர்ஷலைப் படம் எடுக்க 1867-ல் அவர் வீட்டுக்கே கேமராவோடு போனார். வெள்ளைமுடி ஒளிவட்டம் போலச் சிலிர்த்து நிற்கும் அந்தப் படத்துக்காக, முதலில் அவரைத் தலைக்குக் குளிக்கவைத்தார் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

இத்தனைக்கும் வரவைவிடச் செலவுதான் அதிகம். ரசாயனம், தாள், கண்ணாடி எல்லாம் விலை. அவர் எதிர்பார்த்த லாபம் கடைசிவரை வரவில்லை.

கும்பகோணத்தில் பிறந்த மாப்பிள்ளை

ஜூலியா எடுத்துவளர்த்த மேரி ரயானின் கதை தனி. அவருடைய படம் 1865-ல் லண்டன் கண்காட்சியில் இருந்தது. அதைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார் ஹென்றி காட்டன் என்ற இளைஞர். கும்பகோணத்தில் பிறந்தவர், இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. 1867-ல் மேரியைத் திருமணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் 1904-ல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சர் ஹென்றி காட்டன் இவர்தான்.

கேமரா கொடுத்த மகளின் மரணம்

1870-களில் ஜூலியாவின் வீட்டுக்குள் சாவு அடுத்தடுத்து வந்தது. 1872-ல் அவர் பொறுப்பில் வளர்ந்த அடலின் என்ற சிறுமி இறந்தாள். படுக்கையில் கிடத்தியிருந்த அந்தச் சிறு உடலையும் ஜூலியா படமெடுத்தார். இன்று பார்ப்பவர்களுக்குக் கலக்கமாக இருக்கும். அன்று பல குடும்பங்களில் பிள்ளையின் முகத்தை வைத்துக்கொள்ள இருந்த ஒரே வழி அது.

1873-ல் பெரிய இடி. ஒரே மகள் ஜூலியா, கேமராவைப் பரிசாகக் கொடுத்த அதே மகள், பிரசவத்தில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு அவர் கேமராவை மூட்டைகட்டி வைத்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் செய்தது வேறு. 1874-ல் உட்கார்ந்து தன் புகைப்பட வாழ்க்கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். அதில் அந்தக் கேமரா எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்பதைப் பதிவு செய்தார். சில பக்கங்களோடு நின்றுபோன அந்தக் குறிப்பு, அவர் இறந்து பத்து வருடம் கழித்து 1889-ல்தான் அச்சானது. அவருடைய வேலையைப் பற்றி இன்று தெரியும் பல விஷயங்களுக்கு அதுவே மூலம்.

அதே வருடம் டென்னிசன் தன் ஆர்தர் மன்னர் கவிதைகளுக்குப் படங்கள் கேட்டார். ஒரு டஜன் படங்களுக்காக ஜூலியா இருநூறுக்கும் மேற்பட்ட தட்டுகள் எடுத்தார். வயதான கணவரே மந்திரவாதி மெர்லின் ஆனார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் கெடுத்த தட்டுகளும் உண்டாம். சாகும் மன்னரைப் படகில் ஏற்றி அனுப்பும் காட்சிக்கு வெள்ளைத் துணியே தண்ணீரானது. புத்தகத்தில் படங்கள் சின்னதாக அச்சானது பிடிக்காமல், தானே பெரிய அளவில் இரண்டு தொகுப்புகள் வெளியிட்டார்.

தங்கை மகள் ஜூலியா ஜாக்சனை எடுத்த படங்களையும் இங்கே சொல்லவேண்டும். 1867-ல் கல்யாணத்துக்கு முன் எடுத்த படத்தில் நேராக நிமிர்ந்து பார்க்கும் முகம். 1870-ல் அவர் கணவரை இழந்தார். அதற்குப் பின் வந்த சில படங்களில் கண்ணாடிக்கூரை ஸ்டூடியோ இல்லை. தோட்டத்துக் கொடிகளும் இலைகளும் பின்னால் இருக்க, வெளியில் நிற்கிறார். முகத்தில் துக்கம் அப்படியே இருக்கிறது, சுற்றிலும் செடிகள் தழைத்திருக்கின்றன. இரண்டில் எதையும் ஜூலியா மறைக்கவில்லை. இந்த ஜாக்சன்தான் பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தாய்.

பசு மாடும் இரண்டு சவப்பெட்டிகளும்

1875 அக்டோபரில் தம்பதி இங்கிலாந்தைவிட்டு இலங்கைக்குக் கிளம்பினார்கள். கணவருக்கு 80 வயது, இலங்கை மீது தீராத ஆசை. மகன்கள் சிலர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பணநெருக்கடியும் ஒரு காரணம். 1869-ல் இலங்கையில் தென்பட்ட காபி இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டிருந்தது. காபியை நம்பிய கேமரூன் குடும்பமும் அதில் அடிபட்டது.

கப்பலில் ஒரு பசு மாட்டையும், கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுபோனார்கள் என்பது பிரபலமான கதை. பெட்டிகளுக்குள் கண்ணாடி, பீங்கான் சாமான்கள் அடைத்திருந்தார்களாம். துறைமுகக் கூலியாட்களுக்குக் காசுக்குப் பதில் தன் போட்டோக்களைக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

களுத்துறையில் மகன் வீடு. ஆற்றை ஒட்டிய சிறு குன்று, கூப்பிடு தூரத்தில் கடல். சுற்றிலும் தென்னை, சவுக்கு, மா, ஈரப்பலா. முயலும் அணிலும் மைனாவும் பயமில்லாமல் வீட்டுக்குள் வந்துபோகும், வாசலில் ஒரு வளர்ப்பு மான் நிற்கும். 1877-ல் வந்து தங்கிய தாவர ஓவியர் மரியான் நார்த் இதையெல்லாம் தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஜூலியா அவரையும் விடவில்லை. தலைமுடியைக் கலைத்து, சால்வை போர்த்தி, உச்சி வெயிலில் தென்னோலைகளுக்கு நடுவே நிற்கவைத்துப் படமெடுத்தார்.

வைட் தீவில் வெயிலுக்குக் காத்திருந்தவருக்கு இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரசாயனம் கிடைப்பதும், தட்டு கழுவச் சுத்தமான தண்ணீர் கிடைப்பதும் கஷ்டம். இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

பெயரில்லாத முகங்கள்

அந்தக் கொஞ்சப் படங்களில் இருப்பவர்கள் ஊர்மக்கள், வேலையாட்கள், தோட்டத் தொழிலாளர்கள். சிங்களரும் உண்டு, தமிழரும் உண்டு. டென்னிசனுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு, அதே ஒளியில் அவர்களையும் எடுத்தார். ஆனால் பெரும்பாலோரின் பெயரை எழுதிவைக்கவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. கேமரூன் குடும்பத்தின் காபித் தோட்டங்கள் இருந்த மலைநாட்டில் வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். மன்னார் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். ஜூலியாவின் வீட்டுக்கும் கேமராவுக்கும் ரசாயனத்துக்கும் ஆன பணத்தில் அவர்களின் உழைப்பும் இருந்தது. காபி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. அவர்களின் வாரிசுகள்தான் இன்றைய மலையகத் தமிழர்கள்.

ஜூலியாவின் படங்களைப் பாராட்டும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

கடைசி ஜன்னல்

1878-ல் களுத்துறையில் ஊர்மக்கள் சிலரை வைத்து ஒரு குழுப்படம் எடுத்தார். அடுத்த ஜனவரியில் மலைநாட்டு டிக்கோயா பள்ளத்தாக்கில் இருந்த கிளென்கேர்ன் தோட்டத்தில் உடல்நலம் குன்றி, 1879 ஜனவரி 26 அன்று இறந்தார். வயது 63. மேசைகள் மேல் போட்டோக்கள் இறைந்து கிடக்க, பறவைகள் உள்ளேயும் வெளியேயும் பறக்க, திறந்த பெரிய ஜன்னல் வழியே நட்சத்திரங்களைப் பார்த்தபடி அவர் உயிர் பிரிந்ததாக வர்ஜீனியா வுல்ஃப் 1926-ல் எழுதினார். வுல்ஃப் பிறந்ததே 1882-ல்தான், அது குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த காட்சி. அடுத்த ஆண்டு கணவரும் காலமானார். இருவரின் கல்லறையும் பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிறது.

வைட் தீவில் இடிபட இருந்த டிம்போலா வீடு காப்பாற்றப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. 2015-ல் அவருடைய 200-வது பிறந்த ஆண்டை ஒட்டி விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி நடத்தியது. ஒருகாலத்தில் தொழில் தெரியாததன் அடையாளம் என்று சொல்லப்பட்ட கீறல்களையும் விரல் ரேகைகளையும் தேடித் தேடிப் பார்க்க மக்கள் வந்தார்கள்.

மகள் போன துக்கத்தைக் கேமரா தீர்த்துவைத்ததாக ஜூலியா எங்கும் சொல்லவில்லை. மகள் கொடுத்துவிட்டுப் போன வேலையை, வெயில் இருந்த நாட்களில் எல்லாம், களுத்துறை ஆற்றங்கரைவரை விடாமல் செய்தார்.